தனியாக நிற்கிற பிள்ளைக்குச் சேக்காளி அமைவது எப்படி

விளாத்திகுளத்துக்கும் எட்டயபுரத்துக்கும் நடுவில் இருக்கிற எங்கள் கரிசல் ஊர்களில் வீட்டுக்கு வீடு இந்தக் கதைதான். மழை பொய்த்த வருஷம் அப்பாவும் அம்மாவும் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போகிறார்கள். பிள்ளை ஆச்சியிடம் நிற்கிறது. தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. பள்ளிக்கூடத்தில் அஞ்சு வகுப்பையும் சேர்த்தால் இருபது பிள்ளை தேறுவதே பெரிய காரியம். அதில் நம் பையன் வயசில் இன்னொரு பையன் இருந்தால் அதிர்ஷ்டம். அந்த ஒருவனோடு ஒத்துப்போகவில்லையென்றால் அவனுக்கு வேறு போக்கிடம் கிடையாது. டவுனுக்குள் இருக்கிற பிள்ளைக்கு அடுத்த தெரு இருக்கிறது, டியூஷன் இருக்கிறது. இங்கே பள்ளிக்கூடத்தை விட்டால் கம்மாய்க்கரை, அதை விட்டால் வீடு.

அப்படிச் சேக்காளி, அதாவது கூட்டாளி, இல்லாத ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் இருக்கிற ஆச்சி, தாத்தா, அத்தை, சித்தி, வகுப்பாசிரியர் எல்லாருக்குமாக இதை எழுதுகிறேன். நான் சத்துணவு அமைப்பாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். 1956-ல் காமராசர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தது எங்கள் எட்டயபுரத்தில்தான். 1982-ல் எம்.ஜி.ஆர். கொண்டுவந்த சத்துணவுத் திட்டம் எனக்குச் சோறு போட்டது. வகுப்பில் வாத்தியார் சொன்ன இடத்தில் பிள்ளை உட்காரும். சாப்பாட்டுப் பந்தியில்தான் தனக்குப் பிடித்த இடம் பார்த்து உட்காரும். யாருக்கு யார் இருக்கிறார்கள், யாருக்கு யாருமே இல்லை என்பது தட்டு தட்டாக முட்டை வைத்துக்கொண்டு வருகிற எங்கள் கண்ணில்தான் முதலில் படும்.

முதலில் பிள்ளையைக் கவனியுங்கள்

தனியாக விளையாடுகிற பிள்ளையெல்லாம் ஏங்கிக் கிடக்கிற பிள்ளை என்று நினைத்துவிட வேண்டாம். சில பிள்ளைகளுக்கு இயல்பே அப்படி. ஒரு மணி நேரம் எறும்புப் புற்றைப் பார்த்துக்கொண்டு உட்காரும், முகத்தில் வாட்டமே இருக்காது. அதைக் கூட்டத்துக்குள் இழுத்துவிட்டால்தான் வாடும்.

வித்தியாசத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? ஏதாவது வேடிக்கை நடக்கும்போது பாருங்கள். ஒரு கோழி வகுப்புக்குள் புகுந்துவிடுகிறது, வாத்தியார் விரட்டுகிறார், எல்லாரும் சிரிக்கிறார்கள். சிரிப்பு வந்ததும் பிள்ளைகள் பக்கத்தில் இருக்கிற முகத்தைத் திரும்பிப் பார்க்கும். ‘நீயும் பாத்தியா?’ என்று கேட்கிற பார்வை அது. ஏங்குகிற பிள்ளையும் திரும்பிப் பார்க்கும், ஆனால் அந்தப் பார்வையை வாங்க அங்கே ஆள் இருக்காது. அப்புறம் சிரிப்பு அப்படியே அடங்கிவிடும். இதை ரெண்டு மூணு தடவை பார்த்தால் போதும், உங்களுக்குச் சந்தேகமே வராது.

வேறு அடையாளங்களும் உண்டு. பந்தியில் கடைசியாக வந்து, முதலில் எழுந்து போவது. விளையாட்டு நேரம் வந்ததும் வயிற்றுவலி என்பது. ஆயா கையிலிருக்கிற பாத்திரத்தை வாங்கி, “நான் கழுவித் தாரேன்” என்று பெரியவர்களையே சுற்றிச் சுற்றி வருவது. “எம்புட்டு நல்ல பிள்ளை, வேலையெல்லாம் செய்யுது” என்று நாமும் மெச்சிக்கொள்வோம். அந்தப் பிள்ளைக்கு நம்மை விட்டால் ஆள் இல்லை, அதுதான் சங்கதி.

செய்யக் கூடாதது ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். “போ, அவுங்களோட போய் விளையாடு” என்று முதுகில் கை வைத்துத் தள்ளிவிடாதீர்கள். கோலி விளையாடுகிற கூட்டத்தின் ஓரத்தில் ஒரு பிள்ளையை நிறுத்தி, “இவனையும் சேத்துக்கோங்கடா” என்று பெரியவர் சொன்னால், அவர்கள் சேர்த்துக்கொள்வார்கள். நீங்கள் தலை மறையும் வரைக்கும் சேர்த்துக்கொள்வார்கள். மிட்டாய் வாங்கிக் கொடுத்துச் சேக்காளி பிடிக்கச் சொல்வதும் வேண்டாம். மிட்டாய் தீர்ந்த அன்றைக்குப் பிள்ளை ரெண்டு மடங்கு நொந்துபோகும்.

என் அனுபவத்தில் பிள்ளைக்கு முதல் சேக்காளி தன் வயசில் கிடைப்பது அபூர்வம். வயசு மாறி, சில நேரம் சாதி சனமே மாறி, ஆடாகவோ கிழவியாகவோ வந்து சேரும். அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்துவிடுவதுதான் நம் வேலை.

மூணாவது குட்டி

எங்கள் பக்கத்துக் கன்னி ஆட்டைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கருப்பு உடம்பு, காதிலும் முகத்திலும் வெள்ளைக் கோடு ஓடினால் பால்கன்னி, செம்பழுப்புக் கோடு ஓடினால் செங்கன்னி. பெரும்பாலும் ரெட்டைக்குட்டி போடும். சில ஈத்தில் மூணும் வரும். வெள்ளாட்டுக்குக் காம்பு ரெண்டுதானே? பலமான ரெண்டு குட்டி ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொள்ளும். மூணாவது முட்டி முட்டிப் பார்த்துவிட்டு ஒதுங்கிப்போய் நிற்கும். அந்தக் குட்டிக்குப் புட்டிப்பால்தான் வழி. ஆடு வைத்திருக்கிறவர்களுக்கு அது பெரிய இழுபறி வேலை. “நாங்க தேத்தித் தாரோம்” என்று கேட்டால் யோசிக்காமல் கொடுப்பார்கள். பங்கு பேசி வாரத்துக்கு ஆடு வளர்க்கிற வழக்கம் எங்கள் ஊர்களில் எப்போதும் உண்டு என்பதால் இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

மூணாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு அவன் ஆச்சியிடம் சொல்லி இப்படி ஒரு குட்டி வாங்க வைத்தேன். பள்ளியில் யாரோடும் வாய் திறக்காத பிள்ளை. பால் கொடுப்பது எப்படி என்று ஆடு மேய்க்கிற தாத்தா அவனுக்குக் காட்டிக் கொடுத்தார். அதை அப்படியே எழுதுகிறேன், உங்களுக்கும் உதவும்.

குட்டி பிறந்த அன்றைக்கே சீம்பால் உள்ளே போயிருக்க வேண்டும். தாயிடம் ஊட்ட முடியாவிட்டால் கறந்தாவது புகட்டியிருக்க வேண்டும். அது போகாத குட்டியைப் பிள்ளை கையில் கொடுக்காதீர்கள், தேறுவது கஷ்டம். அப்புறம் பசும்பாலைக் காய்ச்சி, உடம்புச் சூட்டுக்கு ஆறவைத்து, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்க வேண்டும். சுடவும் கூடாது, சில்லென்றும் இருக்கக் கூடாது. ஒரேயடியாக வயிறு முட்டக் கொடுக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு நாளைக்கு நாலஞ்சு தடவை. குட்டி நான்கு காலில் நின்றுகொண்டு, தாய் மடியில் குடிப்பதுபோலக் கழுத்தை லேசாக நிமிர்த்திக் குடிக்க வேண்டும். மல்லாத்திப் பிடித்து மூங்கில் குழாயில் ஊற்றினால் பால் நுரையீரலுக்குள் போய்க் குட்டி செத்துப்போகும். புட்டியையும் காம்பையும் ஒவ்வொரு தடவையும் வெந்நீரில் கழுவ வேண்டும்.

அந்தப் பையன் புட்டியைப் பிடித்த முதல் நாள் நான் பக்கத்தில் இருந்தேன். குட்டி ரெண்டு வாய் உறிஞ்சியது, அப்புறம் மடியை முட்டுவதுபோலப் புட்டியை நச்சென்று ஒரு முட்டு முட்டியது. பால் தெறித்து அவன் மூக்கு, கண் எல்லாம் வழிந்தது. குட்டிக்கோ வால் நிற்காமல் ஆடுகிறது. பையன் கண்ணைத் துடைக்கக்கூடக் கையெடுக்கவில்லை. “ஏ, மெதுவா குடி, ஒனக்குத்தான்” என்றான். அவன் ஒரு முழு வாக்கியம் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன்.

இங்கே கவனிக்க வேண்டியது என்னவென்றால், குட்டிக்கு அவன் தேவைப்பட்டான். இதுவரைக்கும் எல்லாரும் அவனுக்கு ஏதாவது செய்துகொண்டே இருந்தார்கள், அவனை நம்பி யாரும் இருந்ததில்லை. பள்ளிக்கூட மணி அடித்தால் வீட்டுக்கு ஓட அவனுக்கு இப்போது ஒரு காரணம் இருந்தது.

குட்டி வந்தால் ஆட்களும் வருவார்கள். குழை ஒடித்துப் போட வேண்டும், அதற்குத் துரட்டி வேண்டும், துரட்டி இரவல் கேட்க நாலு வீடு தள்ளிப் போக வேண்டும். கருவேலங்காய் எந்த மரத்தில் உதிர்ந்து கிடக்கிறது என்று விசாரிக்க வேண்டும். தெருவில் குட்டி பின்னாலேயே ஓடிவந்தால், “யாருல, ஒன் ஆடா இது?” என்று கேட்காத ஆள் உண்டா? அவனுக்குப் பதில் சொல்லத் தெரிந்த கேள்வி அது. கொஞ்ச நாளில் சின்னப் பிள்ளைகள் தொட்டுப் பார்க்க வரும். தொட விடுவதா வேண்டாமா என்று முடிவு செய்கிற அதிகாரம் இப்போது அவன் கையில் இருக்கிறது. ஓரத்தில் நின்ற பிள்ளைக்கு அந்த அதிகாரம் எப்படி ஒரு நிமிர்வைக் கொடுக்கும் என்பதைப் பார்த்தால்தான் தெரியும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். பெட்டைக்குட்டியாகப் பார்த்து வாங்குங்கள். கடாக்குட்டி என்றால் ஒருநாள் கோயில் கொடைக்கோ எட்டயபுரம் சந்தைக்கோ போய்த்தான் தீரும். புட்டிப்பால் கொடுத்து வளர்த்த கையிலிருந்து கயிற்றை வாங்கிப் போவது பெரியவர்களுக்குச் சாதாரணம், அந்தப் பிள்ளைக்கு அது எத்தனை வருஷமானாலும் ஆறாது. வேறு வழியில்லாமல் கடாதான் கிடைத்தது என்றால், என்றைக்கு, எங்கே போகும் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். பள்ளிக்கூடம் போயிருக்கும்போது ஆட்டை விற்றுவிட்டு, “ஓடிப்போயிருச்சு” என்று பொய் சொல்கிற வேலை வேண்டவே வேண்டாம். வெள்ளாடு சினையாகி அஞ்சு மாசத்தில் குட்டி போடும். பெட்டையாக இருந்தால், அதன் குட்டியைப் பார்க்கிற பாக்கியமும் பிள்ளைக்கு உண்டு.

ஆடு முடியாத வீட்டில் ஒரு கோழியும் அதை அடைக்கிற பஞ்சாரமும் போதும். நாய்க்குட்டி என்றால் முதல் காரியம் கால்நடை மருந்தகத்தில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி. எந்த நாய் கடித்தாலும், கீறினாலும், உடனே சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிஷம் கழுவி, அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போங்கள். ஊசி அங்கே இலவசம். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி எதையும் காயத்தில் வைக்காதீர்கள். “அடிப்பாங்க” என்ற பயத்தில் பிள்ளைகள் கடியை மறைக்கும். சொன்னால் திட்ட மாட்டோம் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

கிழவிகளும் தாத்தாக்களும்

எங்கள் ஊர்களில் பிள்ளைகள் குறைந்துபோனாலும் வயசாளிகள் குறையவில்லை. பேச ஆள் தேடி அவர்களும் திண்ணையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். இந்த ரெண்டு பேரையும் சேர்த்துவைப்பது பெரிய வித்தை இல்லை, ஆனால் “ஆச்சிகிட்ட போய்ப் பேசிட்டு இரு” என்று சொன்னால் நடக்காது. என்ன பேசும்? ஏதாவது ஒரு வேலையாக அனுப்ப வேண்டும்.

கிழவிகளுக்கு இன்றைக்கு இருக்கிற பெரிய குறை, போனில் வருகிற குறுஞ்செய்தி. நூறுநாள் வேலைச் சம்பளம் ஏறிவிட்டதா, உதவித்தொகை வந்ததா, சிலிண்டர் பதிவாகிவிட்டதா, எல்லாம் போனில்தான் வருகிறது, அதுவும் பாதி இங்கிலீஷில். படிக்கத் தெரிந்த பிள்ளை ஒன்று சாயங்காலம் எட்டிப்பார்த்து, “ஒங்களுக்குப் பணம் ஏறிருச்சு பாட்டி” என்று சொன்னால் அந்தப் பிள்ளைக்குத் தெருவில் என்ன மரியாதை தெரியுமா? ஒரு கிழவி சொன்னால் நாலு கிழவிகள் கூப்பிடுவார்கள். ஒரே ஒரு கண்டிப்பு: ரகசிய எண் கேட்டு வருகிற செய்தியைப் பிள்ளை யாருக்கும் படித்துக் காட்டவோ அனுப்பவோ கூடாது. அப்படி வந்தால் வீட்டுப் பெரியவர்களைக் கூப்பிட வேண்டும்.

நாலாம் வகுப்பில் ஒரு பெண்பிள்ளை இருந்தாள். பேச்சு திக்கும். அவள் ‘ப’ என்று தொடங்கினால் மற்றவர்கள் ‘பப்பப்ப’ என்று முடித்துவைப்பார்கள். அதனால் பேசுவதையே விட்டுவிட்டாள். அரசு பள்ளிகளில் 2023-ல் வாசிப்பு இயக்கம் வந்தபோது நுழை, நட, ஓடு, பற என்று படிநிலை பிரித்துச் சின்னச் சின்னக் கதைப் புத்தகங்கள் வந்தன. மெலிசான புத்தகங்கள், பக்கத்துக்குப் பெரிய படம். அதில் ஒன்றை வாங்கிக்கொண்டு போய், கண்ணில் புரை விழுந்த ஒரு பாட்டிக்குப் படித்துக் காட்டச் சொன்னேன். பாட்டி முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டே கேட்பார். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம், அதனால் பிள்ளை சொல்கிற ஒவ்வொரு வரியையும் கூடவே சேர்த்துச் சொல்லிப் பார்ப்பார். ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் சொல்கிறார்கள். அப்போது அவளுக்குத் திக்கவே இல்லை. திக்குகிற பலருக்கு இன்னொருவரோடு சேர்ந்து சொல்லும்போதும் பாடும்போதும் திக்கு வெகுவாகக் குறையும். நாய், பூனை, ஆட்டோடு பேசும்போதும் அப்படித்தான். அந்தப் பாட்டிக்கு இதெல்லாம் தெரியாது. நல்லாகக் கேட்கவில்லை, அவ்வளவுதான். அவர் அவசரப்படுத்தவில்லை, வாக்கியத்தை முடித்துவைக்கவில்லை, பாவம் என்று பார்க்கவுமில்லை. கதை முடிந்தால், “இன்னொருக்கா அந்த நரி வார எடத்தப் படி தாயி” என்பார். திக்குகிற பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் இந்தப் பாட்டி செய்தது அத்தனையும் செய்யுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி பற்றியும் விசாரியுங்கள்.

பையன்களுக்கு ஊர் கூடுகிற மடத்தில் ஆடுபுலி ஆட்டம். நிறைய ஊர்களில் மடத்துக் கல்தரையிலேயே கட்டம் செதுக்கியிருக்கும். இல்லையென்றால் கரித்துண்டால் வரைந்துகொள்ளலாம். மூணு புலி, பதினஞ்சு ஆடு, கோடுகள் சந்திக்கிற இருபத்து மூணு இடம். புளியங்கொட்டை ஆடு, கல் புலி. ஆட்டுக்காரர் ஒவ்வொன்றாக ஆட்டை இறக்குவார், புலி தாண்டி வெட்டும். புலி நகர இடமில்லாமல் சுற்றி அடைத்துவிட்டால் ஆடு ஜெயித்தது. பேச்சே வராத பிள்ளைக்கு இந்த ஆட்டம் ஏன் நல்லது என்றால், ஒரு மணி நேரம் ஒருவரோடு உட்கார்ந்திருக்கலாம், ஒரு வார்த்தைகூடப் பேச வேண்டியதில்லை. முகத்தைப் பார்க்கக்கூட வேண்டாம், ரெண்டு பேர் கண்ணும் கட்டத்தில்தான். பேச்சு தானாக வரும். முதலில் “வெட்டு” என்று வரும், அப்புறம் “அழிச்சாட்டியம் பண்ணாதீங்க தாத்தா” என்று வரும். அது வந்துவிட்டால் நீங்கள் கவலைப்பட வேண்டாம். தாத்தாக்களிடம் ஒன்று மட்டும் சொல்லி வையுங்கள்: பாவம் பார்த்துத் தோற்றுக்கொடுக்க வேண்டாம். பிள்ளைக்கு அது தெரிந்துவிடும்.

பெரியவர்களோடு பழக விடும்போது சில ஒழுங்குகளைக் கடைப்பிடிக்க வேண்டும், இதில் முகதாட்சண்யம் பார்க்காதீர்கள். பகலில், திண்ணையில் அல்லது மடத்தில், நாலு பேர் கண் படுகிற இடத்தில் மட்டும். வீட்டுக்குள்ளே, கதவு சாத்தின அறைக்குள்ளே, தோட்டத்து மோட்டார் அறைக்கு என்று யாரோடும் தனியாகப் போகக் கூடாது. “இத யாருகிட்டயும் சொல்லாத” என்று எந்தப் பெரியவர் சொன்னாலும் அதை வீட்டில் சொல்ல வேண்டும். சொந்தக்காரர், சாமியாடி, வாத்தியார் யாராக இருந்தாலும் இதே சட்டம்தான். தனிமையில் இருக்கிற பிள்ளை கொஞ்சம் பிரியம் காட்டினாலே ஒட்டிக்கொள்ளும். கெட்ட எண்ணம் உள்ளவனுக்கும் அது தெரியும்.

கிணற்றுப் பனை

ஆடும் வேண்டாம், ஆளும் வேண்டாம் என்று கூசுகிற பிள்ளைக்குத் தூக்கணாங்குருவியைக் காட்டுங்கள். கிணற்றை ஒட்டிய பனையில் மழைக்காலத்தை ஒட்டிக் கூடு கட்டும். ஆண் குருவிதான் கட்டும். ஓலையைக் கீறி நார் எடுத்து, பாதி தொப்பி மாதிரி முடைந்துவிட்டு, இறக்கையை அடித்துப் பெட்டையைக் கூப்பிடும். பெட்டை வந்து உள்ளே புகுந்து சோதித்துப் பார்க்கும். பிடித்தால்தான் மிச்சத்தை முடிக்கும், பிடிக்காவிட்டால் அந்தக் கூடு பாதியிலேயே நிற்கும். எந்தக் கூடு முடிந்தது, எது அப்படியே நிற்கிறது என்று ஒரு பழைய நோட்டில் தினமும் படம் போடச் சொல்லுங்கள். நோட்டைப் பார்க்க யாராவது வருவார்கள். கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு என்றால் தூரத்து வரப்பில் நின்றுதான் பார்க்க வேண்டும், பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும்.

பிறகு பிள்ளைகள்

ஆடோ பாட்டியோ அமைந்து கொஞ்ச நாள் போனதும் பிள்ளையின் தோள் நிமிரும். அப்போதுதான் பிள்ளைகள் பக்கம் திருப்ப வேண்டும். அப்போதும் கூட்டத்துக்குள் அனுப்பாதீர்கள். ஒருவர் போதும். அந்த ஒருவரைத் தேர்ந்தெடுப்பதில் பெரியவர்கள் தப்பு பண்ணுவார்கள். வகுப்பில் நன்றாகப் படிக்கிற பிள்ளை, எல்லாரையும் மேய்க்கிற பிள்ளை, இவர்களிடம் ஒப்படைப்பார்கள். அந்தப் பிள்ளைக்கு ஏற்கெனவே ஆட்கள் இருக்கிறார்கள், நம் பிள்ளை அங்கே எடுபிடியாகத்தான் போகும். ஓரத்தில் நிற்கிற இன்னொரு பிள்ளை இருக்கும், அதைப் பாருங்கள். ஒன்றிரண்டு வயசு சின்னதாக இருந்தால் இன்னும் நல்லது. மூத்த பிள்ளையாக இருக்கிற சுகம் ஒன்று இருக்கிறதே, அது கூச்சத்தைப் பாதி விரட்டிவிடும்.

ரெண்டு பேர் இல்லாமல் முடியாத வேலையைக் கொடுங்கள். பள்ளித் தோட்டத்து முருங்கைக்கும் பப்பாளிக்கும் வாளியில் கம்பைக் கொடுத்து ஆளுக்கொரு முனை தூக்கித் தண்ணீர் கொண்டுபோவது. சாப்பாட்டு நேரத்தில் ஒருவர் தட்டும் ஒருவர் டம்ளரும் கொடுப்பது. அடுப்பு, கொதிக்கிற குழம்பு பக்கம் மட்டும் பிள்ளைகளை விடக் கூடாது. வீட்டில் என்றால் பல்லாங்குழி. பதினாலு குழி, கைநிறையப் புளியங்கொட்டை, ரெண்டே பேர். கோடையில் நுங்கு வண்டி செய்யச் சொல்லுங்கள். நுங்கு நோண்டித் தின்ற ரெண்டு பனங்காயைச் சக்கரமாக்கிக் கம்பு செருகி, கவட்டைக் கம்பால் தள்ளுகிற வண்டி. அதைச் செய்யும்போது ஒருவர் பிடித்தால்தான் இன்னொருவர் செருக முடியும்.

கொடுத்துவிட்டு நீங்கள் தள்ளிப் போய்விட வேண்டும். இதுதான் ரொம்பக் கஷ்டம். வாளித் தண்ணீர் பாதி சிந்தும், சண்டை வரும், “டீச்சர், இவ வேகமா நடக்கா” என்று புகார் வரும். வந்த புகாருக்குத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். “சரி, மறுக்கா போய்க் கொண்டாங்க” என்று மட்டும் சொல்லுங்கள். சண்டை போட்டு, மறுபடி சேர்ந்து வாளி தூக்கின பிள்ளைகள் மறுநாள் பந்தியில் பக்கத்தில் உட்காருவதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சில ஊர்களில் பிள்ளை தனியாக நிற்பதற்குக் காரணம் பிள்ளையிடம் கிடையாது. ‘அந்தத் தெருப் பிள்ளையோட சேராத’ என்று வீட்டில் சொல்லி அனுப்புகிறார்கள். அங்கே ஆட்டுக்குட்டியும் பல்லாங்குழியும் போதாது. பெரியவர்கள்தான் வாய் திறக்க வேண்டும். பந்தியில் தெரு பார்த்து உட்கார ஒருநாளும் விடாதீர்கள். வகுப்பு வாரியாக, உயரம் வாரியாக, எப்படியாவது கலந்து உட்காரவையுங்கள். யாராவது பெற்றோர் வந்து முணுமுணுத்தால், நேருக்கு நேர் நின்று, “இங்க எல்லாருக்கும் ஒரே சோறு, ஒரே வரிசை” என்று சொல்லுங்கள். சாதி சொல்லி ஒரு பிள்ளையை ஒதுக்குவது சட்டப்படி குற்றம். ஆசிரியர்கள் அதைச் சொல்லத் தயங்கினால் ஆச்சிமார்கள் சொல்லலாம். சொன்ன இடங்களில் பிள்ளைகள் நம்மை விட வேகமாக மாறிவிடுகிறார்கள்.

திருப்பூரிலிருந்து வருகிற போன்

வெளியூரில் இருக்கிற அப்பா அம்மாவுக்கு ஒரு வேண்டுகோள். ராத்திரி போன் போட்டு, “சாப்பிட்டியா? படிச்சியா? ஆச்சி சொன்னத கேக்கியா?” என்று மூணு கேள்வி கேட்பீர்கள். மூணுக்கும் “ம்” என்று பதில் வரும், போனை வைத்துவிடுவீர்கள். அதற்குப் பதிலாகப் பேர் சொல்லிக் கேளுங்கள். “குட்டி இன்னைக்குப் புட்டிய முட்டுச்சா?” “மடத்துத் தாத்தா இன்னிக்கும் புலிதானா?” “வாளி தூக்குதாளே, அந்தப் பிள்ள வந்தாளா?” அந்தப் பேர்களைத் தெரிந்துகொள்ள முதலில் ஆச்சியிடம் தனியாகப் பேச வேண்டியிருக்கும், பேசிக்கொள்ளுங்கள். ஊருக்கு வரும்போது புதுத் துணியோடு, பிள்ளையின் சேக்காளிக்கும் சேர்த்து ஒரு பாக்கெட் கடலைமிட்டாய் வாங்கி வாருங்கள்.

சாதாரண ஏக்கத்துக்கு மேல் ஏதோ இருக்கிறது என்று சில நேரம் தோன்றும். படுக்கையை நனைக்கிற பழக்கம் நின்றுபோய்த் திரும்ப வருவது, சாப்பாட்டை அடியோடு ஒதுக்குவது, ஒரு குறிப்பிட்ட ஆளையோ வீட்டையோ கண்டால் மட்டும் நடுங்குவது, உடம்பில் காரணம் தெரியாத காயம். அப்படியென்றால் நாள் கடத்த வேண்டாம். 1098-க்குப் போன் போடுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண், காசு கிடையாது, ராத்திரி பகல் எந்நேரமும் எடுப்பார்கள். பிள்ளைக்கும் அந்த எண்ணை மனப்பாடம் பண்ணிக் கொடுங்கள்.

சேக்காளி ஊரை விட்டுப் போனால்

எங்கள் பக்கம் இது நடக்காமல் இருக்காது. முழுப்பரீட்சை முடிந்ததும் வேன் வரும், ஒரு குடும்பம் சாமான் ஏற்றிக்கொண்டு கிளம்பும். நம் பிள்ளைக்கு அப்போதுதான் அமைந்த ஒரே ஆள் அந்த வேனில் இருக்கும். “போனா போறா, வேற ஆள் கிடைக்கும்” என்று சொல்லாதீர்கள். போவதற்கு முன்னாலேயே அவர்கள் போகிற இடத்து விலாசத்தைப் பின்கோடோடு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். லைன் வீடாக இருந்தால் வீட்டு எண்ணும் வீட்டுக்காரர் பேரும் வேண்டும், இல்லையென்றால் தபால் போய்ச் சேராது.

அஞ்சலட்டை இன்னமும் 50 பைசாதான். தபாலாபீசில் மொத்தமாகப் பத்து வாங்கி, அஞ்சைப் போகிற பிள்ளையிடம் நம் விலாசம் எழுதியே கொடுத்து அனுப்புங்கள். என்ன எழுதுவது என்று தெரியாமல் நம் பிள்ளை முழிக்கும். “நலம், நலமறிய ஆவல்” என்று சொல்லிக்கொடுக்க வேண்டாம். கன்னி ஆடு சினையாக இருக்கிறதா, கம்மாயில் எந்தப் படி வரைக்கும் தண்ணீர் நிற்கிறது, அவள் நட்ட பப்பாளி பூத்துவிட்டதா, இப்படி ஏதாவது ஒரு சேதி போதும். மிச்ச இடத்தில் படம் போடட்டும். பெட்டியில் பிள்ளையே தன் கையால் போடட்டும், எட்டவில்லை என்றால் மட்டும் தூக்கிவிடுங்கள்.